எந்த வலிக்கு சார்?

போன மாதம் ஒரு டீக்கடை வாசலில் நடந்த பேச்சு இது. பேசியவர் வருமான வரிக் கணக்குக்காக என்னிடம் வருகிற இளைஞர். தனியார் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

"புது பைக் எடுக்கப் போறேன் சார்."

"அட, எது?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். எந்த வண்டி என்ன மைலேஜ் தரும், எதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும், டிஸ்க் பிரேக் முன்னால் மட்டும் இருந்தால் போதுமா, எந்த பாங்கில் வட்டி குறைவு... மூன்று மாத ஆராய்ச்சியாம். நான் இரண்டாவது டீ சொல்ல வேண்டியதாயிற்று.

பேச்சை மாற்றுவதற்காக, "வீட்ல எப்படியிருக்காங்க?" என்றேன்.

"அவளுக்கு ஒன்பதாம் மாசம் சார். அவங்க அம்மா வீட்ல இருக்கா. இன்னும் இருபது நாள்ல டேட்."

"வலிக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?"

மனிதர் டீ கிளாஸைப் பாதியில் நிறுத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எந்த வலிக்கு சார்?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இதே ஆசாமிதான். சொல்லப்போனால் இவரைவிட மோசம்.

* * *

என் மனைவிக்குத் திருச்சி. தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஒரு ராத்திரி எட்டு மணிக்கு மாமனாரிடமிருந்து போன். "வலி எடுத்துடுச்சு மாப்பிள்ளை. சீரகக் கஷாயம் குடுத்துப் பாத்தோம், நிக்கல. நிஜ வலிதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்."

நானும் அம்மாவும் கிடைத்த பஸ்ஸில் ஏறி, விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிரசவ அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். உள்ளேயிருந்து வந்த சத்தம் என் மனைவியுடையது என்று புரியவே எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. நாலு வருஷம் கூடவே இருந்தவளின் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

நர்ஸ் வெளியே வந்தார். "ரொம்பக் கஷ்டப்படறாங்க சார். முதுகுல ஊசி போட்டா வலி குறையும். அவங்க கேக்கறாங்க. மயக்க மருந்து டாக்டரை இப்பக் கூப்பிட்டாத்தான் வர முடியும். போட்டுடலாமா?"

அம்மா முந்திக்கொண்டாள். "முதுகுலயா? ஐயையோ! ஆயுசுக்கும் இடுப்பு வலி வரும்டா. நாங்கள்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?"

பக்கத்து பெஞ்சுப் பெரியவர், சம்பந்தமே இல்லாதவர், "கால் விளங்காமப் போயிடும்னு சொல்லுவாங்க" என்றார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எவ்வளவு ஆகும் சிஸ்டர்?"

அவர் சொன்னார். நான் பெரிய ஞானி மாதிரி யோசித்துவிட்டு, "வேணாம் சிஸ்டர், பொறுத்துக்குவா" என்றேன்.

பொறுத்துக்கொண்டாள். காலை ஆறேகாலுக்குப் பெண் குழந்தை. 'சுகப்பிரசவம்' என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். யாருக்குச் சுகம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த விஷயம் நாலு வருஷம் வீட்டில் பேசப்படவில்லை. பிறகு எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. டாக்டர் வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். மரத்துப்போக ஒரு ஊசி போட்டார். போதவில்லை என்று நான் நாற்காலியிலேயே துள்ளியதில் இன்னொன்று போட்டார். வீட்டுக்கு வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவி கேட்டாள்: "ஒரு பல்லுக்கு எத்தனை ஊசி?"

"ரெண்டு."

"யாரைக் கேட்டுப் போட்டாங்க?"

"என்னைத்தான்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கு அன்னிக்கு வலிச்ச வலி இப்ப ஞாபகம் இல்லை. ஆனா கதவுக்கு வெளியே நீங்க 'வேணாம் சிஸ்டர்'னு சொன்னது எனக்கு உள்ள கேட்டுது. அது மட்டும் மறக்கல."

மரத்துப்போன வாயால் என்ன பதில் சொல்வது? மரத்துப்போகாவிட்டாலும் பதில் இல்லை.

* * *

அடுத்த வருஷம் இரண்டாவது குழந்தை உண்டானாள். இந்தத் தடவை உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று தீர்மானித்தேன். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடு, ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு. ஏழாம் மாசம் அந்த நோட்டோடு இருவரும் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தோம். "இன்கம்டாக்ஸ் ரெய்டா?" என்று கேட்டுவிட்டு, பொறுமையாக அரை மணி நேரம் சொன்னார். மிச்சத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நோட்டின் சுருக்கம் இதோ.

முதலில், வலி ஏன்? கர்ப்பப்பை ஒரு பெரிய தசைப் பை. அது இறுகி இறுகி, மூடியிருக்கும் தன் வாயைப் பத்து செ.மீ. வரை திறக்க வேண்டும். ஒவ்வொரு இறுக்கமும் ஏறக்குறைய ஒரு நிமிஷம். நடுவில் கொஞ்சம் ஓய்வு. மறுபடியும். தலைப்பிரசவத்தில் இது மணிக்கணக்கில் நீளும். பைக்கை உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது கெண்டைக்காலில் தசை பிடித்தால் தெருவையே கூட்டுகிறோமே, அதைவிடப் பெரிய தசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி: மருந்தே இல்லாமல். இதை மட்டமாக எடை போடாதீர்கள். நடப்பது, இடுப்பைத் தேய்த்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி இவையெல்லாம் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியிலேயே இருக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியம், கூடவே ஒரு ஆள். விடாமல் ஒருவர் துணை இருந்தால் வலி மருந்தின் தேவையும், சிசேரியனும் குறைகின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-ல் அனுமதி கொடுத்தது.

திருச்சிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை என்ன? நிறைமாசக் கர்ப்பிணி காத்திருக்கிறாள். காவிரியில் வெள்ளம். தாய் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். கவனியுங்கள், வைத்தியராக வரவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள அம்மாவாக வந்தார்.

வரவு: பக்க விளைவு கிடையாது, செலவு கிடையாது. பற்று: வலி முழுசாகப் போகாது.

இரண்டாவது: வாயு. பாதி ஆக்சிஜன், பாதி சிரிப்பூட்டும் வாயு கலந்தது. மாஸ்க்கைத் தன் கையாலேயே பிடித்து, வலி ஆரம்பிக்கும்போதே இழுக்க வேண்டும். இருபது விநாடியில் வேலை ஆரம்பிக்கும். விட்டால் சில நிமிஷத்தில் இறங்கிவிடும். வலி உச்சிக்குப் போன பிறகு இழுத்தால் பிரயோஜனம் குறைவு. பக்கத்திலிருக்கும் புருஷன் 'நான் பிடிச்சுக்கறேன்' என்று மாஸ்க்கை அழுத்தக் கூடாது. மயக்கம் அதிகமானால் அவள் கை தானாக விலக வேண்டும், அதுதான் பாதுகாப்பு. வரவு: கட்டுப்பாடு அவள் கையில். பற்று: தலைசுற்றல், குமட்டல். வலி குறையுமே தவிரப் போகாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதுமில்லை.

மூன்றாவது: சாதாரண ஊசி. பெத்திடின் போன்ற மருந்தைத் தொடையிலோ இடுப்பிலோ போடுவது. வரவு: மயக்க மருந்து டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம், ஓரளவு கண்ணயரலாம். பற்று: வாந்தி, தூக்கக் கலக்கம். முக்கியமானது, பிரசவத்துக்குச் சற்று முன்னால் போட்டால் குழந்தையும் கிறக்கத்தோடு பிறந்து மூச்சுவிடச் சுணங்கலாம். ஆகவே எப்போது போடுவது என்பதை டாக்டர்தான் கணிக்க வேண்டும்.

நான்காவது: எபிடியூரல். அன்று நான் 'வேணாம்' என்ற அதே முதுகு ஊசி. முதலில் தோலை மரக்கச் செய்து, இடுப்பு முதுகில் எலும்புகளுக்கு நடுவே ஊசியை நுழைத்து, அதன் வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை வைத்துவிட்டு ஊசியை எடுத்துவிடுகிறார்கள். குழாய் வழியாக மருந்து போய்க்கொண்டே இருக்கும். கால் மணி, இருபது நிமிஷத்தில் வலி அடங்கும். வலி குறைப்பதில் இதற்கு இணை இந்தப் பட்டியலில் வேறு இல்லை.

பற்று என்ன? ரத்த அழுத்தம் இறங்கலாம். அரிப்பு, காய்ச்சல் வரலாம். கால்கள் கனக்கலாம். சிறுநீர் கழிக்கக் குழாய் தேவைப்படலாம். கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம். பிரிட்டனில் மயக்க மருந்து டாக்டர்கள் தாய்மார்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். அதன்படி, சுமார் எட்டுப் பேரில் ஒருவருக்கு இது போதிய அளவு வேலை செய்வதில்லை. நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வருகிறது. கால் விளங்காமல் போவது போன்ற பெரிய பாதிப்பு இரண்டரை லட்சத்தில் ஒருவருக்கு. பெஞ்சுப் பெரியவர் சொன்னது முழுப் பொய் இல்லை. எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

சரி, அம்மா சொன்ன 'ஆயுசுக்கும் இடுப்பு வலி'? பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2018-ல் பார்த்திருக்கிறார்கள். எபிடியூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நீண்டகால முதுகு வலியில் வித்தியாசம் இல்லை. சிசேரியனும் இதனால் கூடவில்லை. பிள்ளை பெற்றால் பலருக்கு இடுப்பு வலிக்கிறது. போட்டுக்கொண்டவள் ஊசியைத் திட்டுகிறாள், போடாதவள் யாரைத் திட்டுவது?

எல்லோருக்கும் போட முடியாது என்பதும் உண்மை. ரத்தம் உறைவதில் கோளாறு, தட்டணுக்கள் மிகக் குறைவு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர், ஊசி போடும் இடத்தில் தொற்று இப்படி இருந்தால் டாக்டர் மறுப்பார். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

'இத்தனை வம்பு எதுக்கு, சிசேரியன் பண்ணிட்டா வலியே இல்லையே?' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. தேவைப்படும்போது அது உயிர் காக்கும் ஆபரேஷன். ஆனால் வலி நிவாரணி இல்லை. வலி முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் வரும். தையல் போட்ட வயிற்றோடு குழந்தையைத் தூக்க வேண்டியவளைக் கேட்டுப் பாருங்கள். தவணையில் கட்டினாலும் கடன் கடன்தான்.

* * *

'நாங்கள்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்' என்று கேட்பது நம் ஊர் அம்மாக்கள் மட்டும் இல்லை. 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் என்ற டாக்டர் பிரசவத்துக்கு ஈதரும் பிறகு குளோரோஃபாமும் கொடுத்தபோது, பெண் வலியோடு பெறுவதுதான் இறைவன் கட்டளை என்று எதிர்த்தவர்கள் உண்டு. 1853-ல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபாம் வாங்கிக்கொண்டார். கைக்குட்டையில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தவர் ஜான் ஸ்நோ. அடுத்த வருஷமே லண்டனில் காலரா குடிதண்ணீரால் பரவுகிறது என்று ஒரு அடிபம்பைக் காட்டி நிரூபித்தாரே, அதே டாக்டர்தான். மகாராணியே வாங்கிக்கொண்ட பிறகு வாயைத் திறக்க யாருக்குத் தைரியம்?

நம் வீட்டு மகாராணிகளுக்கு அந்த வசதி இல்லை. வெளியே பெஞ்சில் ஒரு மந்திரி சபை உட்கார்ந்திருக்கிறது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த அவர் தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். 2008-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்மதம் செல்லாது என்றது. வயது வந்த, சுய புத்தியுள்ள நோயாளிக்காக, அவசரம் இல்லாத நேரத்தில் இன்னொருவர் சம்மதம் சொல்ல முடியாது. நான் அன்று பெஞ்சிலிருந்து சொன்ன 'வேணாம்' எந்தக் கணக்கில் சேரும் என்று யோசித்துக்கொண்டேன்.

* * *

இரண்டாவது பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும் முன் நாலு கேள்வி கேட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? வாயு இருக்கிறதா? உள்ளே துணைக்கு யார் வரலாம்? எபிடியூரலுக்குத் தனியாக எவ்வளவு? கடைசிக் கேள்விக்கான பணத்தை எட்டாம் மாசமே எடுத்து ஒரு கவரில் போட்டுவிட்டேன். விலை கேட்பது தப்பில்லை. கேட்கும் நேரம்தான் முக்கியம்.

நோட்டைப் பார்த்து அவள்தான் முடிவு சொன்னாள். "முடிஞ்ச வரைக்கும் நடக்கறேன். முடியலைன்னா ஊசி. நான் கேட்டா உடனே போடச் சொல்லணும். மனசு மாறினாலும் நான்தான் சொல்லுவேன்." நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அம்மாவுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. "என்னமோ பண்ணுங்க" என்றாள். எங்கள் வீட்டில் அதற்கு சம்மதம் என்று அர்த்தம்.

அன்றைக்கு என்னை உள்ளே விட்டார்கள். இரண்டு மணி நேரம் நடந்தாள். நான் இடுப்பைத் தேய்த்துவிட்டேன். "மேலே... அங்க இல்ல... கீழே... ஐயோ, விடுங்க!" என்று திட்டு வாங்கினேன். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்து, "கூப்பிடுங்க" என்றாள்.

டாக்டர் வந்து, "போட்டுடலாமா?" என்று என்னைப் பார்த்தார். பழக்க தோஷம். நான் அவளைக் காட்டினேன். "போடுங்க டாக்டர்" என்றாள். கையெழுத்தும் அவளே போட்டாள்.

எல்லாம் சினிமா மாதிரி நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதலில் வலது பக்கம் மட்டும் மரத்தது. இடது பக்கம் வலித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் குழாயைச் சற்று வெளியே இழுத்து, மருந்து கூட்டி, ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். அரை மணியில் இரண்டு பக்கமும் அடங்கியது. அதன் பிறகு முக்கால் மணி நேரம் தூங்கினாள். பிரசவ அறையில் ஒரு பெண் குறட்டை விட்டு நான் பார்த்தது அன்றுதான். எழுந்ததும் முதல் கேள்வி: "பெரியவ சாப்பிட்டாளா?"

பையன் பிறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அழுதது நான்.

* * *

இத்தனையும் டீக்கடை நண்பரிடம் சொல்லி முடித்தேன். மூன்றாவது டீயும் ஆறிவிட்டது.

"அப்ப ஊசிதான் பெஸ்ட்டுங்கறீங்களா சார்?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. என் அக்கா ஊசியே வேணாம்னு ரெண்டு பெத்தா. அது அவ இஷ்டம். உங்க வீட்ல என்ன இஷ்டம்னு கேட்டீங்களா?"

மனிதர் அங்கேயே போனை எடுத்தார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார். பேச்சு என்றா சொன்னேன்? அவர் 'ம்... ம்...' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் கழித்து அசட்டுச் சிரிப்போடு வந்தார.

"என்ன சொன்னாங்க?"

"ஆறாம் மாசமே டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டு எழுதி வச்சுட்டாளாம் சார். 'நீங்க எப்பத்தான் கேக்கப் போறீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்'ங்கறா."

மூன்று டீக்கும் அவரே காசு கொடுத்தார். பைக்கைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை.